அம்மாவுக்குப் பார்வை மங்கல்; பறவை பார்க்கக் கூட்டிப் போகலாமா?

அடுத்த கேள்வி தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து. "அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கண் மங்கல், கையும் நடுங்கும். வசந்த காலத்தில் ஒருநாள் காலையில் பறவை பார்க்கக் கூட்டிப் போக ஆசை. அவரால் என்ன பார்க்க முடியும்?" என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார்.

தாராளமாகக் கூட்டிப் போங்கள். இந்தப் பருவத்தில் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். இங்கே வசந்தமான செப்டம்பர், அக்டோபரில் செம்மார்புக் குயில் டர்பன் பக்கம் வந்துவிடும். மூன்றே சுரம், இறங்கி இறங்கி வரும், விடாமல் கூவும். ஆனால் இலைக்குள் ஒளிந்தே இருக்கும். நல்ல பார்வை உள்ளவர்களே தேடித் தேடிச் சலித்துப் போவார்கள்.

கண்ணுக்கும் ஏதாவது வேண்டும் என்றால், தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டும் மரம் எங்கே இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். என் மாமியாரை நான் அங்கேதான் கூட்டிப் போவேன். பளீரென்ற மஞ்சள் உடம்பு, கறுப்பு முகம், சிவந்த கண், பைனாகுலரே வேண்டாம். ஆண் குருவி பச்சை நாரைக் கிழித்து வந்து பின்னும், சுற்றியுள்ள இலைகளையும் பறித்துப் போடும். பிறகு கூட்டின் வாசலில் தலைகீழாகத் தொங்கிச் சிறகடித்துப் பெண்ணைக் கூப்பிடும். பெண் உள்ளே போய் நாரை இழுத்துப் பார்க்கும். பிடிக்கவில்லையா, கிளம்பிவிடும். யாரும் ஏற்காமல் கூடு காய்ந்து பழுப்பேறினால் ஆணே அதைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கும். மாமியார் ஒவ்வொரு பெண்ணும் என்ன முடிவு செய்யப் போகிறாள் என்று ஆவலாகப் பார்த்துக்கொண்டிருப்பார். கிளம்பலாமா என்றால், "இரு, இவள் என்ன சொல்கிறாள் பார்ப்போம்" என்பார். எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை.

பைனாகுலர் வாங்கியே ஆக வேண்டுமென்றால் எட்டு மடங்கு போதும். பத்து மடங்கு என்றால் கை நடுக்கமும் கூடவே பெரிதாகத் தெரியும். மடக்கு நாற்காலி ஒன்று கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் ஐந்தரைக்குள் விடிந்துவிடும், ஏழு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் நல்லது. ஒதுக்குப்புறமான இடத்துக்கு இரண்டு பேராக மட்டும் போகாதீர்கள், துணைக்கு இன்னும் சிலரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் கைபேசியில் குயில் சத்தத்தைப் போட்டுக் கூப்பிடாதீர்கள். இது இனப்பெருக்கக் காலம். வேறொரு ஆண் தன் இடத்துக்குள் வந்துவிட்டது என்று நினைத்து அது வீணாக அலைமோதும்.