குழுவில் 200 பேர், கரையில் 3 பேர்: சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்தத் தடவை கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன, எல்லாவற்றையும் எடுக்க முடியாது. ஒன்றை மட்டும் படித்ததிலிருந்து மறக்க முடியவில்லை, அதனால் முதலில் அதையே எடுத்துக்கொள்கிறேன். சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்கிறார், சரி.

அவர் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். "எங்கள் ஊர்க் கண்மாயில் ராத்திரி நேரத்தில் லாரி லாரியாகக் கட்டட இடிபாட்டைக் கொட்டுகிறார்கள். தட்டிக் கேட்போம் என்று ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன், 200 பேர் சேர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கரையில் கூடுவோம் என்று போட்டால் கைதட்டும் பொம்மையாக வந்து குவிந்தது. போய்ப் பார்த்தால் என்னையும் சேர்த்து 3 பேர். வீட்டில் 'ஊர் வம்பு உனக்கு எதுக்கு' என்கிறார்கள். கூட்டம் சேர்ப்பது எப்படி?"

கைதட்டும் பொம்மை என்ற இடத்தில் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே தம்பி. ஆனால் நான் தேடிய விஷயம் உன் கடிதத்தில் இல்லை. வந்த 3 பேரும் அன்றைக்கு என்ன செய்தீர்கள்? டீக்கடைக்காவது போனீர்களா, அடுத்து எப்போது பார்ப்பது என்று பேசினீர்களா, அல்லது வராத 197 பேரைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டீர்களா? கூட்டம் சேர்ப்பது எப்படி என்று நீ கேட்கிறாய். வந்தவர்களை அடுத்த வாரமும் வர வைப்பது எப்படி என்று கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும். அதனால் அதற்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், நான் எங்கே போவேன் என்று. வேதாரண்யம்தான். முன்னால் விரிவாகப் பேசியிருக்கிறேன், இருந்தாலும் இன்னொரு தடவை. 1930 ஏப்ரல் 13, சித்திரை முதல் நாள், உப்புச் சட்டத்தை மீறி வேதாரண்யம் கடற்கரையில் உப்பு எடுப்பதற்காக, திருச்சியில் டாக்டர் ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி நூறு பேர் போலக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். தஞ்சாவூர் ஜில்லா வழியாக 150 மைல் நடை. அந்த நூறு பேரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு முக்கியமானவர்கள் வேறு. அப்போது தஞ்சாவூர் கலெக்டராக இருந்த தார்ன், நடந்து வருகிறவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ ஜெயில் என்று ஊர் ஊராக அறிவித்துவிட்டார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றைப் பொட்டலம் கட்டி, சாலையோர மரக்கிளைகளில் தொங்க விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நடந்து வருகிறவன் கையை நீட்டி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். யார் கட்டியது என்று எந்தப் போலீஸ்காரர் கண்டுபிடிப்பார்?

அந்தப் பொட்டலம் கட்டிய பெண்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் யாரும் நடக்கவில்லை, கோஷம் போடவில்லை, உப்பு அள்ளவில்லை. ஆனால் அந்தப் பொட்டலம் இல்லாவிட்டால் நூறு பேரும் கும்பகோணத்தைத் தாண்டியிருப்பார்களா என்பது சந்தேகம். இதையேதான் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். ஊருக்கு நாலு பேர் கொடி பிடிப்பார்கள், அந்த நாலு பேருக்குப் பின்னால் பொட்டலம் கட்ட நாற்பது பேர் வேண்டும். கரைக்கு வராத 197 பேரில் பாதிப் பேர் பொட்டலம் கட்டுகிறவர்களாக இருக்கலாம். அவர்களை நீ கொடி பிடிக்கக் கூப்பிட்டிருக்கிறாய்.

அதே வேதாரண்யத்தில் வைரப்பன் என்று ஒரு முடிதிருத்துகிறவர். உப்பு எடுத்தவர்களை அடித்துப் பிடித்துப்போன போலீஸ்காரர்களுக்குச் சவரம் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டார், அதற்காக ஜெயிலுக்கும் போனார். தன் கையில் என்ன தொழில் இருந்ததோ அதை வைத்தே போராடினார், பாருங்கள். சரி, இதில் இறங்கினால் நான் திரும்பி வர மாட்டேன்.

அமெரிக்காவுக்குப் போவோம். அலபாமா மாநிலம், மான்ட்கோமரி நகரம். பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இடம் விட்டு எழுந்திருக்க ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் மறுத்தார், மறுநாள் ஊரே திரண்டது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அப்படி எந்த ஊரும் திரளாது. அங்கே 1946-லேயே கறுப்பினப் பெண்கள் ஓர் அரசியல் மன்றம் ஆரம்பித்துவிட்டார்கள், பெரும்பாலும் டீச்சர்கள். பஸ்ஸில் நடக்கிற அவமானத்தை நிறுத்தாவிட்டால் பஸ்ஸையே புறக்கணிப்போம் என்று 1954-ல் மேயருக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். அதனால் 1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை சாயங்காலம் ரோசா பார்க்ஸ் கைதானபோது, அந்த மன்றத்தின் தலைவி ஜோ ஆன் ராபின்சன் யாரையும் கூட்டி யோசனை கேட்கவில்லை. அன்று ராத்திரியே தான் பாடம் நடத்தும் கல்லூரிக்குப் போய், ஒரு சக ஆசிரியரையும் இரண்டு மாணவர்களையும் வைத்துக்கொண்டு, விடியும்வரை ஸ்டென்சில் மெஷினில் நோட்டீஸ் உருட்டினார். ஒரே தாளில் மூன்று நோட்டீஸ் வருகிற மாதிரி அடித்து வெட்டினார்கள். மறுநாள் அவை பள்ளிக்கூடம், கடை, சலூன் என்று போய்ச் சேர்ந்தன.

அந்த நோட்டீஸ் கேட்டது என்ன? திங்கட்கிழமை ஒரு நாள் மட்டும் பஸ் ஏறாதீர்கள். அவ்வளவுதான். ஒரு நாள் என்றால் பயந்தவனும் செய்வான். திங்கட்கிழமை பஸ்கள் காலியாக ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான், அன்று சாயங்காலம் சர்ச்சில் கூடி, தொடரலாம் என்று முடிவெடுத்தார்கள். அது 381 நாள் ஓடியது. முதலில் வைத்த கோரிக்கைகளும் சின்னவை: மரியாதையாக நடத்துங்கள், முதலில் வந்தவர் முதலில் உட்காரட்டும், எங்கள் பகுதிக்குக் கறுப்பின டிரைவர்களைப் போடுங்கள். கறுப்பினத்தவருக்குப் பின்பக்கம், வெள்ளையருக்கு முன்பக்கம் என்ற பிரிவையே எடு என்று அவர்கள் எடுத்த எடுப்பில் கேட்கவில்லை.

381 நாள் பஸ் ஏறாதவர்கள் வேலைக்கு எப்படிப் போனார்கள் என்று யோசித்தீர்களா? சுமார் 300 கார்கள். எந்த முனையில் எத்தனை மணிக்கு ஏற்றுவது, எங்கே இறக்குவது என்று பட்டியல் போட்டு ஓட்டினார்கள். பெட்ரோல் யார் போட்டது? இங்கேதான் எனக்குப் பிடித்தமான ஆள் வருகிறார், ஜார்ஜியா கில்மோர். ஓட்டலில் சமையல் வேலை. புறக்கணிப்பு வழக்கில் கோர்ட்டில் சாட்சி சொன்னதற்காக வேலை போய்விட்டது. வீட்டிலேயே சமைக்க ஆரம்பித்தார். கோழி சாண்ட்விச், கேக், பை என்று அவரும் அக்கம்பக்கத்துப் பெண்களும் செய்து விற்று, வாராவாரம் கூட்டத்தில் கொண்டுவந்து பணத்தைக் கொட்டுவார்கள். அந்தக் குழுவுக்கு 'எங்கிருந்தும் வராத சங்கம்' என்ற மாதிரி ஒரு பெயர். வீட்டு வேலை செய்கிற பெண்கள் காசு கொடுத்தார்கள் என்று முதலாளியம்மாவுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், எங்கிருந்தும் இல்லை! மரத்தில் கட்டிய பொட்டலம் மாதிரியே இல்லையா?

சரி, கண்மாய்க்கு வருவோம். தம்பி, உன் 200 பேரில் வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற நீர்பாய்ச்சி இருக்கிறாரா? மீன் குத்தகை எடுத்தவர்? கரையில் ஆடு மேய்க்கிறவர்? கடைசி மடையில் வயல் வைத்திருப்பவர்? எனக்கென்னவோ இவர்களில் பாதிப் பேரிடம் வாட்ஸ்அப்பே இருக்காது என்று தோன்றுகிறது. கண்மாய் செத்தால் முதலில் அடி வாங்குகிறவர்கள் இவர்கள்தான். குழுவில் செய்தி போட்டால் இவர்கள் வர மாட்டார்கள், வீட்டுத் திண்ணையில் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்து, முதலில் அவர் பேசுவதைக் கேள். மடை அடைத்துக் கிடக்கிறது என்று அவர் வேறு ஒரு குறையைச் சொல்வார். அதையும் உன் மனுவில் சேர்த்துக்கொள். அப்போதுதான் அது அவருடைய மனுவும் ஆகும்.

அப்புறம், இது யாருடைய கண்மாய் என்று தெரிந்துகொள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். இது தெரியாமல் மனு போட்டால் அந்த ஆபீஸுக்கும் இந்த ஆபீஸுக்கும் அலைய விடுவார்கள், அந்த அலைச்சலிலேயே பாதிப் போராட்டங்கள் அடங்கிவிடும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேள், 30 நாளில் பதில் தர வேண்டும். கண்மாயின் பரப்பு எவ்வளவு, எல்லை எது, கொட்டுவதற்கு யாருக்காவது அனுமதி கொடுத்திருக்கிறீர்களா, இவ்வளவு போதும்.

அடுத்தது கிராம சபை. இப்போது வருஷத்துக்கு ஆறு தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், கண்மாயைப் பற்றிப் பேச அதைவிட நல்ல நாள் கிடைக்குமா? ஆனால் ஒன்று. பல ஊர்களில் உள்ளே நுழையும்போதே நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், தீர்மானம் பிறகு எழுதப்படும், என்ன எழுதினார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் தீர்மானத்தை ஒரு தாளில் எழுதியே கொண்டு போங்கள். படித்துக் காட்டி, நோட்டில் ஏறுகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அதற்குப் பத்துப் பேர் போதும், ஆனால் அந்தப் பத்துப் பேரும் கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ராத்திரியில் தனியாகப் போய் லாரியை மறிக்காதே. வண்டி நம்பரைக் குறித்துக்கொள், பகலில் போட்டோ எடு, புகாரில் நிறையப் பேர் கையெழுத்துப் போடட்டும், உன் பெயர் நடுவில் எங்காவது இருக்கட்டும். அமைதியான போராட்டம் என்றால் அடி வாங்கத் தயாராகப் போவது என்று சில பேர் நினைக்கிறார்கள். அடி விழாதபடி ஏற்பாடு செய்வதுதான் அதில் முக்கால்வாசி வேலை.

வீட்டுப் பயத்துக்கும் இதே பதில்தான். 1956 பிப்ரவரியில் மான்ட்கோமரியில், புறக்கணிப்பு சட்ட விரோதம் என்று பழைய சட்டம் ஒன்றைத் தூசு தட்டி எடுத்து 80-க்கும் மேற்பட்டவர்கள்மேல் வழக்குப் போட்டார்கள். அவர்கள் ஓடி ஒளியவில்லை. நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு, தங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று தாங்களாகவே போய்க் கேட்டார்கள். வெளியே ஊர் நின்று கைதட்டியது. தனியாகப் போனால் அது கைது, ஊரோடு போனால் அது திருவிழா. உன் அம்மா பயப்படுவது நீ தனியாக நிற்கிறாய் என்பதற்காக. கடைசி மடைக்காரரையும் ஆடு மேய்க்கிறவரையும் ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிவந்து அம்மா கையால் காபி கொடுக்கச் சொல். பேச்சு தானாக மாறும்.

கடைசியாக, டிரஸ்ட் பதிவு செய்யலாமா என்று ஒரு வரி கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வரவு செலவு எழுதுங்கள், ஜெராக்ஸ் காசு, பஸ் காசு, டீக்காசு எல்லாம். நீ எழுதாதே, மூன்று பேரில் இன்னொருவர் எழுதட்டும். வாரம் ஒரு தடவை சத்தமாக வாசியுங்கள். ஊரில் ஒரு போராட்டம் உடைவது பெரும்பாலும் போலீஸாலோ காண்ட்ராக்டராலோ இல்லை, '50 ரூபாய் எங்கே போனது' என்ற பேச்சில்தான்.

சரி, அடுத்த கேள்வி ஒரு அக்கா அனுப்பியது, ரேஷன் கடை விஷயம், அதையும் பார்த்துவிடுவோம்.