நாற்பதைத் தாண்டிய கால்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பாலே ஆடுகிறவர்களுக்கு முதுமை மிகச் சீக்கிரம் வந்துவிடுகிறது. எட்டு, ஒன்பது வயதில் பயிற்சிக்குப் போகிறார்கள். பதினெட்டில் மேடை. முப்பத்தைந்தைத் தொடும்போது முழங்காலும் இடுப்பும் கணக்குக் கேட்கத் தொடங்கும். பாடகரும் ஓவியரும் கனியத் தொடங்குகிற வயதில் இவர்களில் பலர் மேடையிலிருந்து விடைபெற்றிருப்பார்கள். இது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது. இந்த வழக்கத்தை எதிர்த்து ஒரு குழுவையே உருவாக்கிய செக் நாட்டு நடன அமைப்பாளர் யிர்ஷி கிலியானைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

1947இல் பிராக் நகரில் பிறந்தவர். அவருடைய தாயும் நடனக் கலைஞர். ஒன்பது வயதில் பாலே பள்ளி, 1967இல் உதவித்தொகை பெற்று லண்டன் ராயல் பாலே பள்ளி. 1968 ஆகஸ்டில், அவருடைய நாட்டில் தொடங்கிய சீர்திருத்தங்களை ஒடுக்க, சோவியத் டாங்கிகள் பிராகுக்குள் நுழைந்தன. அதே ஆண்டில் கிலியான் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பாலேவில் சேர்ந்தார். அதன் இயக்குநர் ஜான் கிராங்கோ, ஆடுகிறவர்களையே நடனம் அமைக்கத் தூண்டியவர். கிலியானுக்கும் அந்தக் கதவு திறந்தது. 1973இல் அமெரிக்கப் பயணம் முடிந்து திரும்பும் விமானத்திலேயே கிராங்கோ இறந்தார். அவருக்கு வயது 45.

இரண்டே ஆண்டுகளில், 1975இல், நெதர்லாந்தின் ஹேக் நகரிலிருந்த ‘நெதர்லாண்ட்ஸ் டான்ஸ் தியேட்டர்’ குழுவின் கலை இயக்குநர் பொறுப்பை ஹான்ஸ் க்னில்லுடன் சேர்ந்து ஏற்றார் கிலியான். அப்போது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. 1978இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் நடந்த ஸ்போலெட்டோ கலை விழாவில் அவர் அமைத்த ‘சின்ஃபோனியெட்டா’ அரங்கேறியது. இசை அவருடைய நாட்டவரான யானாச்செக்குடையது. எக்காளங்கள் முழங்க, ஆடுகிறவர்கள் மேடையைக் குறுக்காகத் தாவிக் கடக்கிறார்கள். டாங்கிகள் நுழைந்து பத்தாண்டுகள் கழித்து, தாய்நாட்டுக்கு வெளியே இருந்த ஒருவர் அந்த இசையைத் தேர்ந்தெடுத்ததை நினைத்துக்கொண்டு பார்த்தால், அந்தத் தாவல்களின் கனம் வேறாகத் தெரிகிறது. அந்த மாலைக்குப் பிறகு உலகம் அவரைத் தேடி வந்தது.

அவருடைய படைப்புகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மொஸார்ட் மறைந்து 200 ஆண்டுகள் ஆனதையொட்டி 1991இல் சால்ஸ்பர்க் விழாவுக்காக அமைத்த ‘பெத்தீத் மோர்’. ஆறு ஆண்கள், ஆறு பெண்கள், ஆறு மெல்லிய வாள்கள். முதலில் இசையே கிடையாது. வாள்கள் காற்றைக் கிழிக்கும் ஒலி மட்டும்தான். பிறகு மொஸார்ட்டின் இரண்டு பியானோ கான்செர்ட்டோக்களின், அதாவது பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து இசைக்கும் படைப்புகளின், மெதுவான பகுதிகள் வருகின்றன. இடையில், பழங்கால அரண்மனைக் கவுன்கள் கறுப்பாக மேடையில் வழுக்கிக்கொண்டு வருகின்றன. பெண்கள் அவற்றை அணிந்திருப்பதாகத்தான் நினைப்போம். ஒரு கணத்தில் அவர்கள் விலக, உடைகள் மட்டும் தனியே நிற்கின்றன. வாள், உடை, உடல் மூன்றுக்கும் சம உயிர் கொடுத்த கை அது.

அதே 1991இல்தான், என் பார்வையில் அவருடைய மிகத் துணிச்சலான செயல் நடந்தது. இளையோருக்கு இரண்டாம் குழு 1978 முதலே இருந்தது. இப்போது நாற்பதைக் கடந்தவர்களுக்கென்று மூன்றாம் குழு. நான்கே பேருடன் தொடங்கியது. அவர்களில் ஒருவர் கிலியானின் வாழ்க்கைத் துணை ஸபீனே குப்ஃபர்பெர்க். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இராது என்பார்கள். ஆனால் ஆடிய காலுக்கு மேடையை யார் கொடுப்பது? இவர் கொடுத்தார். அதைக் கருணையாக நினைத்துக் கொடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உயரத் தாவும் வலிமை குறைந்த உடலில் வேறொன்று கூடியிருக்கிறது. கழுத்தைத் திருப்பும் ஒரு சிறு அசைவில் நாற்பது ஆண்டுகள் தெரியும். அதற்கேற்ற நடனங்களை அவர் புதிதாக அமைத்தார், பிறரையும் அமைக்கச் செய்தார்.

1999இல் கலை இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகினாலும் குழுவுக்காகத் தொடர்ந்து படைத்தார். மூன்றாம் குழு 2006இல் நிதிப் பற்றாக்குறையால் மூடப்பட்டது. அந்த இழப்பு இன்னும் ஆறவில்லை.

அந்தக் குழுவுக்காக 2001இல் அவர் அமைத்த ‘பெர்த் டே’ படைப்பைப் பாருங்கள். விக்கும் அரண்மனை உடையும் அணிந்த மூத்தவர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். திரையில் அதே மனிதர்கள், மொஸார்ட்டின் இசைக்கு, படுக்கையிலும் சமையலறையிலும் அசுர வேகத்தில் ஓடித் திரிகிறார்கள். மாவு பறக்கிறது. மேசையருகே இருக்கும் அந்த முகங்களோ, அவசரமே இல்லாமல், மெதுவாக நம் பக்கம் திரும்புகின்றன.