சால்வர் பண்ண கோல்மால்: 2 ரூபாய்க்காக மதியம் பூரா ஓடுற ஹைட்ரஜன் ப்ளான்ட்!

வணக்கம் மக்களே, இன்னிக்கு செம கடுப்புல இருக்கேன், டீ கூட குடிக்காம கேமராவ ஆன் பண்ணிட்டேன்னா பாத்துக்கங்க. ஒரு கன்சல்ட்டன்ட் எக்செல் சீட் ஒன்னு அனுப்பிச்சாரு. ஹைட்ரஜன் ப்ளான்ட்ட எப்ப ஓட்டணும் எப்ப நிறுத்தணும்னு கரன்ட் ரேட்டு, கார்பன் ரேட்டு ரெண்டையும் பாத்து சால்வரே, அதாவது எக்செல்ல அதிக லாபம் வர்ற வழியத் தேடிக் குடுக்குற டூலே, சொல்லிருமாம். ரன் பண்ணேன். மதியம் 12 மணிக்கு கரன்ட்ட வெச்சு தண்ணிய பிரிச்சு ஹைட்ரஜன் எடுக்குற எலக்ட்ரோலைசரும் ஓடுது, அந்த ஹைட்ரஜன திரும்ப கரன்டாக்குற ஃப்யூவல் செல்லும் ஓடுது! மோட்டாரப் போட்டு மேல்தொட்டிய ரொப்பிக்கிட்டே கீழ குழாயத் திறந்துவிட்ட மாதிரி. ராத்திரி பூரா அதத்தான் நோண்டிட்டு இருந்தேன், வீட்ல திட்டு வேற.

பிடிச்சுட்டேன்ல! 1 கிலோ ஹைட்ரஜனுக்கு 55 யூனிட் உள்ள போகுது, ஃப்யூவல் செல்லுல 16 யூனிட் திரும்பி வருது, மிச்சம் 39 யூனிட் போயே போச்சு. சீட்ல மதிய ரேட்டு 2 ரூபா, சோலார் கொட்டுற நேரம் இல்லையா, அப்ப நட்டம் 78 ரூபா. ஆனா அந்த மனுஷன் கார்பன் கிரெடிட்ட, அதாவது கார்பன குறைச்சதுக்குக் கிடைக்கிற காச, ஹைட்ரஜன் தயாராகுற இடத்துலயே எழுதி வெச்சிருக்காரு! நேச்சுரல் கேஸ்ல இருந்து எடுத்தா கிலோவுக்கு சுமார் 9 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும், அது மிச்சம்னு கணக்கு. விலை? டன்னுக்கு 100 யூரோ. ஐரோப்பால 2023 பிப்ரவரில ஒரு தடவ தொட்டுச்சே, அந்த உச்சத்தப் போய் இங்க போட்டுருக்காரு. அப்போதைய யூரோ ரேட்டுல கிலோ ஹைட்ரஜனுக்கு சுமார் 80 ரூபா ஆச்சு. 80ல 78 போனா 2 ரூபா லாபம், அதுக்குத்தான் சால்வர் இந்த ஆட்டம் ஆடுது.

உரத் தொழிற்சாலையோ ரிஃபைனரியோ கேஸ் ஹைட்ரஜன நிறுத்திட்டு இத வாங்கினாத்தானய்யா கார்பன் குறையும்? கிரெடிட்ட விக்கிற பக்கம் மாத்தினேன், கோல்மால் குளோஸ்.

நம்ம ஊரு நெலவரத்துக்கு டன் 1000 ரூபான்னு வெச்சா கிரெடிட்டு கிலோவுக்கு வெறும் 9 ரூபா, கரன்ட் செலவு 110. எப்ப ஓட்டணும்னு முடிவு பண்றது கரன்ட் ரேட்டுதான் மக்களே, கார்பன் சும்மா ஊறுகா. மதியம் எடுத்த ஹைட்ரஜன சாயங்காலம் கரன்டாக்கி, கரன்ட் வாங்கி விக்கிற எக்ஸ்சேஞ்ச்ல உச்சவரம்பு 10 ரூபாய்க்கே வித்தாலும் 16 யூனிட்டுக்கு 160, 110 போக கையில நிக்கிறது 50. தூத்துக்குடி துறைமுக ஹைட்ரஜன் ப்ளான்ட் பத்தி ஏற்கெனவே பேசிருக்கேன்ல, 3.87 கோடி, தெருவிளக்குக்கும் வண்டி சார்ஜிங்குக்கும், மணிக்கு 10 கன மீட்டர், எடையில 900 கிராம். அந்தக் கணக்குல மணிக்கு 45 ரூபா! சோதனைக்குப் போடுற பைலட்டுன்னா ஓகே, வியாபாரம்னா சொல்லாதீங்க.

ஆங், ஹைட்ரஜன அமுக்கி சேத்து வெக்கிற கம்ப்ரஸர விட்டுட்டேன் பாருங்க! சீட்லயும் அது இல்ல. கிலோவுக்கு 2 யூனிட்னு வெச்சாலே 4 ரூபா. அந்த 2 ரூபா லாபமும் காலி. டீ ஆறிடுச்சு, போறேன்.