மாசி மாதத்து மஞ்சள்: சென்னிமலைப் படிகளில் ஒரு காலை

வணக்கம். மணி ஆறு ஆகப் போகிறது. ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலை முருகன் கோயில் அடிவாரத்தில், முதல் படிக்கு முன்னால் நின்று பேசுகிறேன். செருப்பை ஒரு பூக்கடையில் கொடுத்து வைத்துவிட்டேன். இவ்வூர்ப் போர்வை ஒன்றைத் தோளில் போர்த்தியிருக்கிறேன். படிகள் மொத்தம் 1320.

இன்று ஏன் இந்த மலை என்பதைச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் இருக்கும் என் அக்கா மகள், ஐப்பசி மாதத்தில் செக்கச்செவேலென்று சிவந்து நின்ற மேப்பிள் காட்டைப் படமெடுத்து அனுப்பி, "நம் ஊரில் இப்படி ஒரு காலம் உண்டா, மாமா?" என்று கேட்டிருந்தாள். ஐப்பசியில் நான் எதைக் காட்ட முடியும்? அப்போதுதான் இங்கே வடகிழக்குப் பருவமழை பிடித்து, கொறங்காடு என்று நாங்கள் சொல்லும் மேய்ச்சல் நிலமெல்லாம் புல் முளைத்து, கொங்கு நாடு ஆண்டிலேயே மிகப் பசுமையாக இருக்கும். நம் முன்னோர் வகுத்த ஆறு பருவங்களில் இலையுதிர் காலம் என்ற பெயரே இல்லை; பாடப்புத்தகம் வழியாக வந்த சொல் அது. ஆனால் இலை உதிராமல் இல்லை. பின்பனி என்று நாம் சொல்லும் மாசியிலும் பங்குனியிலும் அது நடக்கிறது. அதைக் காட்டத்தான் மாசி வரை காத்திருந்தேன்.

ஏறத் தொடங்கிவிட்டேன். இதோ, வலப்பக்கச் சரிவில் மஞ்சளாகத் தெரிவது ஒதிய மரம். கேமராவைக் கொஞ்சம் அருகில் கொண்டுபோகிறேன். நுனிக்கிளையில் நாலைந்து இலைகள்தான் மிச்சம். அவையும் எலுமிச்சம்பழ நிறத்துக்கு வந்துவிட்டன. இந்த மஞ்சள் புதிதாக வந்து சேர்ந்தது அன்று. இலை துளிர்த்த நாளிலிருந்தே உள்ளே இருந்த நிறம்தான். பச்சையம் மிகுந்திருந்தவரை அது வெளியே தெரியவில்லை. மரம் இலையைக் கைவிட முடிவு செய்ததும் பச்சையத்தைச் சிதைத்து, இலையிலுள்ள தழைச்சத்து முதலியவற்றைக் கிளைக்குத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. பிறகு காம்பின் அடியில் ஒரு மெல்லிய அடுக்கு உருவாகி இலையைத் தண்டிலிருந்து பிரித்துவிடுகிறது. வீட்டைக் காலி செய்கிறவர்கள் பாத்திரபண்டங்களை எடுத்துக்கொண்டு வெறும் சுவரை விட்டுச் செல்வதைப் போல என்று எனக்குத் தோன்றும். மேப்பிளின் சிவப்பு வேறு வகை. அந்த நிறமியை இலை தன் கடைசி நாட்களில்தான் புதிதாகச் செய்கிறது.

சற்று நிற்கிறேன், மூச்சு வாங்குகிறது. 1984ஆம் ஆண்டு பிப்ரவரியில் இரட்டை மாடு பூட்டிய வண்டி ஒன்று இதே படிகளில் மேலே ஏறியதை இவ்வூரார் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். நான் ஒரு தண்ணீர்ப் பாட்டிலைச் சுமந்துகொண்டு முதல் மண்டபத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

குளிர்நாட்டு மரங்களுக்குப் பகல் குறைவதும் குளிர் கூடுவதும் இலையை உதிர்க்கச் சொல்லும் அறிவிப்புகள். இங்கே அறிவிப்பு மண்ணிலிருந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே மழை மறைவில் கிடக்கிற நாடு இது. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வருகிறது. மார்கழியோடு மழை ஓய்ந்தால் சித்திரை வரை பெரிதாக எதையும் எதிர்பார்க்க முடியாது என்பதால், நீரை ஆவியாக்கும் இலையை வைத்துக்கொள்வது மரத்துக்குக் கட்டுப்படியாகாது. அதிலும் பாருங்கள், இந்தக் கிளுவையை. நம் தோட்டங்களுக்கு உயிர்வேலியாக நட்டு வைப்போமே, அதுதான். இலை முழுவதும் போய் முள்ளும் குச்சியுமாக நிற்கிறது. ஆனால் காகிதம்போல் உரியும் தோலுக்கு அடியில் தண்டு பளபளவென்று பச்சை. இலை இல்லாத மாதங்களிலும் தண்டைக்கொண்டே கொஞ்சம் உணவு செய்துகொள்கிறது. சிவந்த மேப்பிளைவிட எனக்கு இந்தக் கிளுவைமீதுதான் மதிப்பு அதிகம். ஊர்ப்பாசம் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

காலடியில் சருகு நொறுங்குவது உங்களுக்குக் கேட்கும். இந்தச் சருகு ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்ததும் இதே பருவத்தில்தான். வனத்துறை மூடிவைத்திருக்கும் தடங்களில் இந்த மாதங்களில் நுழையாதீர்கள். இங்கும் படியைவிட்டு இறங்கிப் புதருக்குள் போக வேண்டாம்.

மேலே வந்தாயிற்று. ஏழரை மணிக்குத்தான் பனிமூட்டம் விலகியது. முருகனைக் கும்பிட்டுவிட்டு, கோயிலுக்குப் பின்னால் சித்தர் குகைக்குப் போகும் வழியில் நின்று கீழே பார்க்கிறேன். இந்த வேம்பு பாதி இலையை உதிர்த்துவிட்டது. மறுபாதிக் கிளையில் செம்பு நிறத்தில் தளிர் விட்டிருக்கிறது. நம் ஊர்ச் சிவப்பு இதுதான்: அங்கே உதிரப் போகிற இலை சிவக்கிறது, இங்கே பிறந்த இலை சிவக்கிறது. அக்கா மகளுக்கு அனுப்பப் போகும் படம் இந்தத் தளிருடையதுதான்.

அதற்கு அப்பால் சமவெளி இரண்டு நிறமாகப் பிரிந்து கிடக்கிறது. பவானிசாகர் அணையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் ஓடிவரும் கீழ்பவானி வாய்க்காலின் தண்ணீர் எட்டுகிற வயல்கள் பச்சை. எட்டாத மானாவாரி நிலமும் வெள்வேல மரங்கள் நிற்கும் கொறங்காடும் காய்ந்த வைக்கோல் நிறம்.

இன்னும் கொஞ்ச நேரம் நிற்க ஆசைதான். ஆனால் வெயில் ஏறினால் இந்தக் கற்படிகள் கால் வைக்க முடியாத அளவுக்குச் சுடும். என் செருப்போ 1320 படிகளுக்குக் கீழே பூக்கடையில் இருக்கிறது. இறங்குகிறேன்.