ரிப்போட் சுத்தம், கட்டி இருக்கிறது

வணக்கம் வானொலி நேயர்களே. மார்பகப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே காட்டிக்கொடுக்கிற இரத்தப் பரிசோதனை இருக்கிறதா என்பதைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் கரண்ட் போனாலும் இது மட்டும் உங்கள் காதில் விழுந்திருக்க வேண்டும். இல்லை. நலமாக நடமாடுகிற ஒரு பெண்ணின் கையில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உங்களுக்கு மார்பகப் புற்றுநோய் கிடையாது என்று எழுதிக் கையெழுத்து வைக்கக்கூடிய பரிசோதனை திருகோணமலையிலும் இல்லை, கொழும்பிலும் இல்லை, உங்கள் பிள்ளைகள் இருக்கிற லண்டனிலும் ரொறன்ரோவிலும் இல்லை.

இதைச் சொல்கிறவள் இரத்தப் பரிசோதனைக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். ஊசி குத்துவது, குழாயில் பெயர் ஒட்டுவது, மெஷினில் வைப்பது, முடிவை எழுதுவது, இதுதான் என் சீவியம். அதனால்தான் இரத்தம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதில் எனக்கு இவ்வளவு பிடிவாதம்.

உப்புவெளிப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மாமி இருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இந்தக் கதையைச் சொல்கிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றார். மகன் சுவிஸில். அம்மாவுக்கு வயது போகிறதே என்ற கவலையில், ஒரு இடத்தில் 'முழு உடம்புச் செக்கப்' என்று ஒரு பக்கேஜுக்கு அங்கிருந்தே காசு கட்டிவிட்டான். மாமியும் வெறும் வயிற்றில் போய் நாலைந்து குழாய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். ரிப்போட் வந்தது, பத்துப் பக்கம் இருக்கும். சீனி, கொழுப்பு, ஈரல், சிறுநீரகம், தைரொயிட் என்று எல்லாம் வரிசையாக இருந்தன. கடைசிப் பக்கத்தில் புற்றுநோய் என்று தலைப்புப் போட்டு சிஏ 15-3, சூலகப் புற்றுநோயில் பார்க்கிற சிஏ 125 என்று இரண்டு வரி. அளவு எல்லை தாண்டினால் போடுகிற நட்சத்திரக் குறி ஒன்றிலும் இல்லை. மாமி அந்த ரிப்போட்டைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டுச் சாமியறையில் வைத்துவிட்டார், நான் பகிடிக்குச் சொல்லவில்லை, படத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

ஆனால் அதற்குப் பல மாதம் முன்பே கிணற்றடியில் குளிக்கும்போது இடது மார்பில் ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. நோவு இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. கொஞ்சம் பயம் இருந்ததாம், ரிப்போட் வந்த அன்றைக்கு அந்தப் பயம் போய்விட்டதாம். கவனியுங்கள், கட்டி போகவில்லை, பயம்தான் போனது. அப்புறம் மகளின் குழந்தைக்கு நிறை பார்க்க வந்த குடும்ப நல உத்தியோகத்தரிடம், மகன் செய்வித்த செக்கப் என்று மாமி பெருமையாக அந்த உறையை எடுத்து நீட்டியிருக்கிறார். அந்த உத்தியோகத்தர் பிள்ளை பத்துப் பக்கத்தையும் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டது: "எல்லாம் சரி அம்மா, மார்பை யாராவது கையால் தொட்டுப் பார்த்தார்களா?"

யாரும் பார்க்கவில்லை. பத்துப் பக்கத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

பிறகு கிளினிக், ஸ்கான், கட்டியில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கிற பயொப்சி, சத்திரசிகிச்சை, மட்டக்களப்புக்குப் போய்வந்து மருந்து, எல்லாம் நடந்தது. மாமி இப்போது நன்றாக இருக்கிறார். மகன் தொலைபேசியில் "அப்போ நான் கட்டின காசு?" என்று கேட்டானாம். நியாயமான கேள்விதான். அந்தக் காசுக்குச் சீனியும் கொழுப்பும் தெரிந்தது தம்பி, அவ்வளவுதான்.

இந்த நட்சத்திரக் குறியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இது என்னுடைய பழைய வழக்கு. ரிப்போட்டில் உங்கள் அளவுக்குப் பக்கத்தில் இதிலிருந்து இதுவரை என்று ஓர் எல்லை அச்சடித்திருக்கும். பலருக்கு அது நோய்க்கும் சுகத்துக்கும் நடுவே போட்ட வேலி. அது அப்படி வந்ததல்ல. பெரும்பாலான பரிசோதனைகளில், சுகமாக இருக்கிறவர்கள் நிறையப் பேரை அளந்து, நடுவில் விழுகிற 95 வீதத்தினரை எல்லைக்குள் வைத்து, மிச்சம் 5 வீதத்தினரை வெளியே விட்டுப் போட்ட கோடு அது. அதாவது சுகமான இருபது பேரில் ஒருவருக்கு எந்த வருத்தமும் இல்லாமலே நட்சத்திரம் விழும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது பரிசோதனையை ஒரே ஆளுக்குச் செய்தால், கணக்குப்படி எதிலாவது ஒன்றில் நட்சத்திரம் விழுவதற்கு 64 வீத வாய்ப்பு. பக்கேஜ் பெரிதாகப் பெரிதாக வீண் பயமும் பெரிதாகும். அதே மாதிரி எல்லைக்குள் நிற்பதும் சுகத்துக்கு உத்தரவாதம் இல்லை.

சரி, சிஏ 15-3க்கு வருவோம். மார்பில் பால் சுரக்கிற குழாய்களின் கலங்களில் 'மியூக் 1' என்று ஒரு புரதம் இருக்கிறது, அதிலிருந்து உடைந்து இரத்தத்தில் கலப்பதைத்தான் இந்தப் பரிசோதனை அளக்கிறது. நோய் எலும்புக்கோ ஈரலுக்கோ பரவியவர்களில் பலருக்கு இது ஏறும், மருந்து வேலை செய்தால் இறங்கும். அதனால் சிகிச்சையில் இருக்கிறவர்களைத் தொடர்ந்து பார்க்க டொக்டர்மார் இதை எழுதுவார்கள், அது சரியான வேலை. ஆரம்ப நிலையில் இருக்கிற பெரும்பாலானவர்களுக்கு இது சாதாரணமாகவே இருக்கும். போதாததற்கு ஈரல் அழற்சி, புற்றில்லாத மார்புக் கட்டி, கர்ப்பம் இதற்கெல்லாமும் ஏறலாம். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2007இலேயே, நோயைத் தேடுவதற்கு இதைப் பாவிக்க வேண்டாம் என்று எழுதி வைத்துவிட்டது. ஆனாலும் பக்கேஜின் கடைசிப் பக்கத்தில் அது உட்கார்ந்திருக்கிறது.

ஏன் ஆரம்பத்தில் தெரிவதில்லை? மார்கழி மழைக்கு மாவலி பெருகிக் கொட்டியாரக் குடாவில் விழும்போது கடலின் நிறமே மாறுவதை மூதூர் ஆட்கள் கண்டிருப்பீர்கள். அதுவே சித்திரையில் மேலே எங்கோ ஒரு வாய்க்காலில் ஒருவர் சேற்றுக் காலைக் கழுவினால், குடாவில் நின்றுகொண்டு அதைக் கண்டுபிடிக்க முடியுமா? சின்னக் கட்டி இரத்தத்துக்குள் விடுவது அவ்வளவு சொற்பம். நாங்கள் எடுக்கிற அந்தச் சின்னக் குழாயில் அதன் ஒரு துணுக்குக்கூட இல்லாமல் போகலாம்.

புதிய பரிசோதனைகளும் வருகின்றன, அதை மறைக்கக் கூடாது. கட்டியிலிருந்து இரத்தத்தில் உதிர்கிற மரபணுத் துண்டுகளைத் தேடுகிறார்கள், அழகான விஞ்ஞானம், வயது குறைந்திருந்தால் நானே போய்ப் படித்திருப்பேன். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2018இல் எட்டு வகைப் புற்றுநோய்களை ஒரே இரத்தத்தில் தேடிப் பார்த்தது. சூலகப் புற்றுநோயில் 98 வீதம் பிடிபட்டது. மார்பகத்தில்? 33 வீதம். எட்டிலும் கடைசி இடம் அதற்குத்தான். மூன்று பேருக்கு நோய் இருந்தால் இரண்டு பேரை ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருக்கும். 'கலெரி' என்று இன்னொன்று, பல புற்றுநோய்களை ஒன்றாகத் தேடுவது. 2021இல் வெளியான ஆய்வில், எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்துப் பார்த்தபோது நோய் பரவிவிட்ட நாலாம் கட்டத்தில் 90 வீதத்தைப் பிடித்தது, தொடக்கமான முதலாம் கட்டத்தில் 17 வீதத்தைத்தான். எங்களுக்கு வேண்டியதோ முதலாம் கட்டம்.

ஜேர்மனியில் நடந்த கூத்தையும் சொல்ல வேண்டும். 2019 பெப்ரவரியில் ஹைடெல்பேர்க் பல்கலைக்கழக வைத்தியசாலை, மார்பகப் புற்றுநோய்க்கு இரத்தப் பரிசோதனை கண்டுபிடித்துவிட்டோம் என்று பத்திரிகையாளரைக் கூட்டி அறிவித்தது. 'பில்ட்' பத்திரிகை உலகப் பரபரப்பு என்றே போட்டது. மற்ற விஞ்ஞானிகள், சரி, தரவுகளைக் காட்டுங்கள் என்றார்கள். எந்த ஆய்விதழிலும் எதுவும் வெளிவந்திருக்கவில்லை. கடைசியில் அந்த வைத்தியசாலையே விசாரணைக் குழு வைக்க வேண்டியதாயிற்று. இவ்வளவு பழம்பெருமை உள்ள இடத்திலேயே இப்படி என்றால், வட்ஸ்அப்பில் உங்களுக்கு வருகிற 'ஒரு துளி இரத்தம் போதும்' வீடியோவுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்று நீங்களே பாருங்கள். பார்வேட் பண்ண முன்னம் ஒரு மூச்சு விடுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

இன்னொரு கணக்கு, பேனை கடதாசி தேவையில்லை. ஆயிரம் பெண்கள், அவர்களில் ஐந்து பேருக்கு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்கிற பரிசோதனை என்றால் யாருக்கும் நல்லதாகத்தான் படும். அது அந்த ஐந்து பேரில் நாலைந்து பேரைப் பிடிக்கும். நோய் இல்லாத மிச்சப் பேரில் பத்துக்கு ஒருவரை இருக்கிறது என்று சொல்லும், அது நூறு பேர். நாலைந்து பேருக்காக நூறு பேர் நித்திரை இல்லாமல் ஸ்கானுக்கும் பயொப்சிக்கும் அலைவார்கள். சம்பூரிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்களுக்கு அந்த அலைச்சல் என்னவென்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்போ என்னதான் செய்வது? மும்பையில் டாட்டா ஞாபகார்த்த வைத்தியசாலை 1998இல் ஒரு ஆய்வு தொடங்கியது. 35 வயதிலிருந்து 64 வரை ஒன்றரை இலட்சம் பெண்கள். ஒரு பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கையாலேயே மார்பைப் பரிசோதித்தார்கள். மார்பை எக்ஸ்றே எடுக்கிற மெமோகிராம் இல்லை, இரத்தமும் இல்லை. இருபது வருடம் பார்த்துவிட்டு 2021இல் முடிவை வெளியிட்டார்கள். நோய் வந்தவர்களில் முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் மற்றப் பாதியில் 47 வீதம், கையால் பரிசோதிக்கப்பட்ட பாதியில் 37 வீதம். 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 வீதம் குறைந்தது. வயது குறைந்தவர்களில் அப்படிக் குறையவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். வசதி உள்ள நாடுகளில் மெமோகிராமைத்தான் முதலில் வைக்கிறார்கள், இருக்கிற இடத்தில் செய்யத்தான் வேண்டும். ஆனால் கை ஒன்றும் லேசுப்பட்டதல்ல, மாமியின் வீட்டுக்கு வந்த அந்தப் பிள்ளை கேட்டதும் அதைத்தானே.

எங்கள் நாட்டில் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதலிடம் மார்பகத்துக்குத்தான். அதற்காகத்தான் 1996இலிருந்து சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது, 35 வயது தாண்டியவர்களுக்கு, காசு இல்லாமல். கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் இருக்கிற ராத்தாமாரும் அக்காமாரும் உங்கள் குடும்ப நல உத்தியோகத்தரிடமே கிளினிக் நாளைக் கேட்கலாம். பார்ப்பது ஒரு பெண்தானா என்று கேட்கவும் வெட்கப்படாதீர்கள். கட்டி, ஒரு பக்கம் மட்டும் உள்வாங்கிய முலைக்காம்பு, இரத்தம் கலந்த கசிவு, தோடம்பழத் தோல் மாதிரி குழி விழுந்த தோல், கக்கத்தில் கட்டி, இதில் ஒன்றைக் கண்டால் முப்பத்தைந்து வயதுக்குக் காத்திருக்க வேண்டாம். நோவு இல்லை என்பதற்காக விட்டுவிடவும் வேண்டாம், ஆரம்பத்தில் பெரும்பாலும் நோவு இருக்காது. முதலில் போய்க் காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் என்ன நோய் என்று முடிவு தெரிய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த இலக்கு. உங்களை இழுத்தடித்தால் அந்த அறுபதை ஞாபகப்படுத்துங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையைக் காட்டுகிறார், இரண்டு நிமிடம்தானாம். பரம்பரை மரபணுவைப் பற்றி விரிவாகப் பேச வந்தேன், சுருக்கிவிடுகிறேன். பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 என்ற மரபணுக்களில் பிழை இருக்கிறதா என்று இரத்தத்தில் பார்க்கலாம், இது உண்மையில் பயனுள்ள இரத்தப் பரிசோதனை. 2013இல் ஹொலிவூட் நடிகை அஞ்சலினா ஜோலி தனக்கு அந்தப் பிழை இருக்கிறதென்று சொன்னாரே, அதுதான். ஆனால் இது நோய் இருக்கிறது என்று சொல்லாது, வரக்கூடிய வாய்ப்பு அதிகம் என்று சொல்லும். மார்பகப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்று அல்லது அதற்கும் குறைவுதான் இப்படிப் பரம்பரையாக வருவது. தாய் வழி மட்டுமில்லை, தகப்பன் வழியாகவும் வரும். குடும்பத்தில் இளவயதிலேயே இரண்டு மூன்று பேருக்கு வந்திருந்தால் முதலில் டொக்டரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள், பக்கேஜோடு சேர்த்து வேண்டாம். ஆம்பிளைகளுக்கும் இந்த நோய் வரும், நோய் வருகிற நூறு பேரில் ஏறத்தாழ ஒருவர் ஆம்பிளை. அதைப் பற்றி இன்னொரு நாள் கூப்பிட்டால் பேசுகிறேன்.

தம்பி எழும்பியே நிற்கிறார். ஒன்றே ஒன்று, கிளினிக்குக்கு வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்று எப்போதும் கேட்பார்கள். மார்பைப் பார்க்கிறதுக்கு வேண்டாம். சீனி பார்ப்பதென்றால் முதலே சொல்லிவிடுவார்கள். இல்லாவிட்டால் சாப்பிட்டுவிட்டே வாருங்கள், பழைய ஸ்கான் ரிப்போட் ஏதாவது இருந்தால் கையோடு எடுத்துக்கொண்டு. நன்றி, வணக்கம்.