நாய்க்கு எதைக் கடிக்கக் கொடுப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

நாய் கடித்து மெல்லுவதற்கென்று விற்கும் தீனிப் பாக்கெட்டுகளில் 'முழுக்க இயற்கை' என்ற எழுத்துதான் பெரிதாக இருக்கும். மான் கொம்பும் இயற்கைதான், மாட்டுக் குளம்பும் இயற்கைதான். ஆனால் நாயின் பல்லை உடைப்பதில் இவை இரண்டும் பேர்போனவை. அதனால் பாக்கெட்டைப் பார்ப்பதற்கு முன் நாயின் வாயைப் பார்த்துவிடுவோம்.

மேலுதட்டைப் பக்கவாட்டில் மெல்லத் தூக்குங்கள். கோரைப்பல்லுக்குப் பின்னால் நான்காவதாக, மற்றவற்றைவிடப் பெரிதாக ஒரு பல் தெரியும். இறைச்சியை வெட்டுவது அதன் வேலை. வாயை மூடும்போது அதுவும் கீழ்ப்பல்லும் கத்தரிக்கோலின் இரு அலகுகள் மாதிரி உரசிக்கொண்டு போகும். இடையில் மசியாத பொருள் சிக்கினால், பல்லின் வெளிப்பக்கம் சில்லாகப் பெயர்ந்துவிடும். நாய்ப்பல்லின் எனாமல் பொதுவாக ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் பற்கூழ் வெளியே தெரிந்துவிட்டால் வேரில் சீழ் பிடிக்கும், கண்ணுக்குக் கீழே வீங்கும். பல்வலி வந்த நாய் பெரும்பாலும் கத்தாது, வழக்கம்போலச் சாப்பிட்டுக்கொண்டேயிருக்கும். ஒரு பக்கமாகவே மெல்லுகிறதா என்று நாம்தான் கவனிக்க வேண்டும்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். தடம் விழ வேண்டும். விழாவிட்டால் வாங்காதீர்கள். நகம் போய்விடும் என்று பயமா? அதை எடுத்து உங்கள் முழங்கால் சில்லில் ஓங்கித் தட்ட மனம் வருமா என்று யோசியுங்கள். வராது என்றால் நாய்க்கும் வேண்டாம். கொம்பு, குளம்பு, கால் எலும்பு, கல்போல இறுகிய பால்கட்டிக் குச்சி எல்லாம் இதிலேயே கழிந்துவிடும். ஒரே துண்டு மாதக்கணக்கில் வருகிறது என்று சந்தோஷப்படுபவர்கள், அத்தனை நாளும் தேய்ந்தது எது என்று ஒருமுறை பார்ப்பது நல்லது.

வேகவைத்த எலும்பு எதுவானாலும் கூடாது. வெந்த எலும்பு ஈரப்பசை இழந்து ஊசி ஊசியாகப் பிளக்கும். தொண்டையையோ குடலையோ குத்தும். வளையமாக அறுத்த மஜ்ஜை எலும்பு கீழ்த்தாடையில் ஏறி, கோரைப்பல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். மயக்க மருந்து கொடுத்து வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். பதனிடாத மாட்டுத்தோலை உலர்த்தி எலும்பு வடிவில் செய்யும் தீனியை நான் சிபாரிசு செய்வதில்லை. பெரிய துண்டாக விழுங்கினால் வயிற்றில் ஊறிப் பருத்து, குடலை அடைக்கக்கூடும்.

அப்படியானால் எதைக் கொடுக்கலாம்? உலர்த்திய மீன் தோல் நல்லது. நொறுங்கும், எளிதில் செரிக்கும். காளையின் ஆண்குறியை உலர்த்திச் செய்யும் புல்லி ஸ்டிக்கும் செரிக்கும், ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும். 15 சென்டிமீட்டர் குச்சி ஒன்றில் சுமார் 90 கிலோ கலோரி இருக்கும். 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறக்குறைய 600. தீனிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 60தான். முழுக் குச்சியைக் கொடுத்தால் அன்றைய சாப்பாட்டைக் குறையுங்கள். பன்றிக் காதில் கொழுப்பு அதிகம். கணைய அழற்சி வந்த நாய்க்கு அது ஆகவே ஆகாது.

மாட்டின் மூச்சுக்குழாயை உலர்த்தியும் விற்கிறார்கள். மென்மையானதுதான். கழுத்துப் பகுதி என்பதால் தைராய்டு சுரப்பி ஒட்டியிருக்காமல் சுத்தம் செய்திருக்க வேண்டும். அந்தத் திசு உள்ளே போனால் நாயின் உடலில் தைராய்டு ஹார்மோன் ஏறி, ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், அமைதியின்மை, எடைக்குறைவு என்று காட்டும். தீனியை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். குழாயை நீளவாக்கில் பிளந்து கொடுங்கள். வாயில் வளையமாக மாட்டாது.

உலர்ந்த விலங்குத் தீனி எதிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். 2019இல் அமெரிக்காவில் பன்றிக் காதுத் தீனியால் நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்கள் நோயுற்றார்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நாய் தீனியை வைத்துக் கடித்த இடத்தில் தரையையும் துடையுங்கள்.

ஆறேழு மாதம் வரையிலான குட்டிக்குப் பால்பற்கள் விழுந்து முளைக்கும் காலம். குளிரவைத்த தடிமனான காரட் போதும். அதையும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தீனியும் நாயின் வாய்க்குள் முழுதாக அடங்காத நீளத்தில் இருக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் மணி நேரம் போதும். ஆபத்து கடைசித் துண்டில்தான்: மென்று மென்று கட்டைவிரல் அளவுக்கு வந்ததும், சலித்துப்போய் அப்படியே விழுங்கப் பார்க்கும். நடுத்தர நாய் என்றால் 5 சென்டிமீட்டர் மிச்சம் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். பிடுங்காதீர்கள், பிடுங்கினால் அடுத்த தடவை இன்னும் வேகமாக விழுங்கும். அதைவிட ருசியான ஒன்றை மூக்கருகே நீட்டினால், வாய் தானே திறக்கும்.

விழுங்கிவிட்டதா? இரண்டு மூன்று நாள் மலத்தைப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டில் மனமின்மை, முக்கியும் மலம் வராமை, வயிற்றைத் தொட்டால் சிணுங்கல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். அந்தத் தீனியில் மிச்சம் இருந்தால் அதையும் பாக்கெட்டோடு கொண்டுபோங்கள். என்ன, எவ்வளவு பெரிது என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும்.