மார்பில் பதித்த 12 கற்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பண்டைய இஸ்ரவேலர், யாக்கோபின் மகன்கள் பெயரால் 12 கோத்திரங்களாக, அதாவது 12 குலங்களாக, இருந்தார்கள். அந்தக் கோத்திர அமைப்பு அவர்களைப் பிரித்ததா, பிணைத்ததா என்பது தலைப்பு. பிணைத்தது என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி அம்மா நம்மை யோர்தான் ஆற்றுத் துறையில் நிறுத்திக் கலங்க வைத்துவிட்டார். போரில் தோற்று ஓடிவந்த எப்பிராயீம் கோத்திரத்தாரை அவர்கள் உச்சரிப்பை வைத்தே அடையாளம் கண்டு, 'ஷிபோலேத்' என்று சொல்ல வராமல் 'சிபோலேத்' என்றவர்களை இன்னொரு இஸ்ரவேல் கூட்டமான கீலேயாத்தார் வெட்டினார்கள், எப்பிராயீமில் 42,000 பேர் விழுந்தார்கள் என்றார். பைபிளில் நியாயாதிபதிகள் புத்தகம் 12ஆம் அதிகாரத்தில் இருக்கிறது; மறுக்க முடியாது. ஆனால் அம்மா, அதே புத்தகத்தில் இன்னும் 9 அதிகாரம் தள்ளிப் படியுங்கள்.

மற்றக் கோத்திரங்கள் சேர்ந்து பென்யமீன் கோத்திரத்தோடு போர் செய்து ஜெயித்துவிட்டன. ரிம்மோன் கன்மலைக்கு ஓடிய 600 ஆண்கள்தான் மிச்சம். ஜெயித்தவர்கள் நிலத்தையல்லவா பங்கு போட்டிருக்க வேண்டும்? அவர்களோ தேவ சந்நிதியில் சாயங்காலம் வரை உட்கார்ந்து, இஸ்ரவேலில் ஒரு கோத்திரம் குறைந்துபோகிறதே என்று ஓவென்று அழுதார்கள். அதற்குப் பிறகு அவர்கள் தேடிய வழி கொடுமையானது. மிச்சமிருந்த பென்யமீனரிடம், மனைவி வேண்டுமென்றால் சீலோ ஊரின் பெண்களைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னதை நான் ஒருநாளும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனாலும் அந்த அழுகையைப் பாருங்கள். 11 கோத்திரம் என்ற கணக்கை அவர்களால் தாங்க முடியவில்லை.

அந்தக் கணக்கு எங்கே எழுதியிருந்தது தெரியுமா? பிரதான ஆசாரியன் ஆரோனின் மார்பில். யாத்திராகமம் 28இல் வரும் மார்ப்பதக்கம் ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலம், அவ்வளவுதான். அதில் நாலு வரிசை, வரிசைக்கு மூன்று கல். பத்மராகம், மரகதம், வைடூரியம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். ஒவ்வொன்றிலும் முத்திரை வெட்டுவதுபோல் ஒரு கோத்திரத்தின் பெயர். முதல் கணக்கெடுப்பில் யூதாவுக்கு 74,600 வீரர், பென்யமீனுக்கு 35,400 வீரர். பாதிக்கும் குறைவு! ஆனால் பதக்கத்தில் யூதாவுக்கும் ஒரு கல்தான், பென்யமீனுக்கும் ஒரு கல்தான்.

அந்தக் கணக்கெடுப்பில் பென்யமீனைவிடச் சின்னக் கோத்திரமான மனாசேயிலிருந்துதான் செலொப்பியாத் என்பவரின் ஐந்து பெண்கள் வந்தார்கள். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். அப்பா வனாந்தரத்தில் இறந்துவிட்டார், அண்ணன் தம்பி இல்லை. கூடார வாசலில், மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபை முழுவதுக்கும் முன்னால் நின்று கேட்டார்கள்: மகன் இல்லை என்பதற்காக எங்கள் அப்பா பெயர் அற்றுப்போக வேண்டுமா, எங்களுக்கும் காணி கொடுங்கள். அவர்கள் கேட்பது சரி என்று கர்த்தரே தீர்ப்புச் சொன்னார். சொந்தக் கோத்திரத்துக்குள்தான் மணம் முடிக்க வேண்டும் என்று பின்னால் ஒரு கட்டுப்பாடு வந்தது, உண்மை. ஆனால் அந்தப் பெண்களுக்கு வழக்காட ஒரு வாசலும், கேட்க ஒரு பங்கும் இருந்ததே, அது எதனால்? நிலம் கோத்திரத்துக்கும் குடும்பத்துக்கும் உரியது என்ற ஏற்பாட்டால்.

சரி, பத்துக் கோத்திரம் பிரிந்து போகவில்லையா என்பார்கள். போனது. பிரித்தது யார்? உங்கள் அப்பா சாலொமோன் வைத்த நுகத்தைக் கொஞ்சம் இலகுவாக்குங்கள் என்று ஜனங்கள் கேட்டபோது, அவர் சவுக்கால் அடித்தார், நான் தேளால் தண்டிப்பேன் என்ற ரெகொபெயாம் ராஜா. பழியைச் சிம்மாசனத்தின்மேல் போடுங்கள், கோத்திரத்தின்மேல் போடாதீர்கள்.

தேசம் இரண்டான பிறகு கர்மேல் மலையில் எலியா தீர்க்கதரிசி பலிபீடம் கட்டுகிறார். அவர் நிற்பது பிரிந்துபோன பத்துக் கோத்திரத்தின் வடக்கு ராஜ்யம். பத்துக் கல் போதுமே? 12 கல் எடுக்கிறார்!

அப்புறம் அந்த வடக்கு ராஜ்யமும் கி.மு. 722இல் அசீரியரிடம் விழுந்தது. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைப்போம். 700 ஆண்டுக்கும் மேல் கடந்து, எருசலேம் தேவாலயத்தில் குழந்தை இயேசுவைக் காண ஒரு விதவை வருகிறாள். பெயர் அன்னாள், பானுவேலின் மகள். அவள் எந்தக் கோத்திரம் என்பதை லூக்கா மறக்காமல் எழுதுகிறார்: ஆசேர். பிரிந்துபோன பத்தில் ஒன்று, நடுவர் அவர்களே.